தலை கொடுத்த பிள்ளை

கிறிஸ்துநாயகம் கேட்டதில் ஒரு குற்றமும் இல்லை. பதினெட்டு வருடமாக லண்டன் பார்க்கிங் பகுதியில் பிரேதம் பொறுப்பெடுக்கும் மலர்ச்சாலை நடத்துகிற மனுசன். மன்னார்க் கத்தோலிக்கர் என்றாலும், சைவச் செத்தவீட்டுக்கு என்னென்ன வேண்டும் என்பது குருக்கள்மாரை விட அவருக்கு அத்துப்படி. ஆண்பிள்ளையின் பிரேதம் என்றால் முகம் வழித்துத்தான் பெட்டியில் வைப்பது வழக்கம். திங்கட்கிழமை காலை குட்மேய்ஸில் இருக்கும் சிவனேஸ்வரியின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தவர், உடுப்பு எப்போது கொண்டுவருவீர்கள், பூ யார் எடுப்பது என்று கேட்ட கையோடு அதையும் கேட்டார்.

“அக்கா, தம்பிக்கு முகம் வழிக்கிறதுதானே?”

சிவனேஸ்வரி குசினியில் நின்றாள். அவளுடைய கணவர் யோகலிங்கம், மகனின் மரணத்தைப் பதிய கவுன்சில் கந்தோருக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது.

“ஓம்,” என்றாள். பிறகு, நேரம் போனால் மனம் மாறிவிடும் என்று பயந்தவளாக, “தலைமயிரையும் கட்டையா வெட்டிவிடுங்கோ,” என்றாள்.

கிறிஸ்துநாயகம் கொஞ்சம் தயங்கினார். பெடியன் தலைப்பாகையோடு திரிந்தவன் என்பது அவருக்குத் தெரியும். “இல்லை அக்கா, புதன்கிழமை குருத்வாராவிலையிருந்து ஆக்கள் வருவினம் எண்டு அண்ணை சொன்னவர். அதுதான்...”

“நான் தாய் சொல்லுறன்,” என்றாள் சிவனேஸ்வரி.

அதற்கு மேல் அந்த மனுசன் என்ன செய்வார்? “சரி அக்கா,” என்று வைத்துவிட்டார். அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பையை இன்னொரு முறை கழுவினாள். பெற்ற பிள்ளையின் முகத்தைக் கடைசியாக ஒருதரம் பார்க்க ஆசைப்படுவது பாவமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். கேள்வி நியாயமான கேள்விதான். ஆனால் நியாயம் முழுவதும் தன் பக்கம் இருக்கிறவளுக்கு கழுவின கோப்பையை ஏன் திரும்பக் கழுவ வேண்டும்?

யனுஷன் அவளுக்கு ஒரே பிள்ளை. இருபத்தொன்பது வயது. இதயத் தசையில் கிருமி பிடித்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்விட்டான். ஐந்து வயதில் பூங்கா ஊஞ்சலில் இருந்து விழுந்து நாடியைப் பிளந்துகொண்டவன். அன்று அவனைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ்ஸில் ஓடிய ஓட்டம் அவளுக்குத்தான் தெரியும். ஆறு தையல். அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்துத்தான் அவனை நித்திரையாக்குவாள். ஆறு வருடமாக அந்தத் தழும்பு தாடிக்குள் போய்விட்டது.

தாடிக்கு முந்திய கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிவனேஸ்வரி அதை யாருக்கும் சொல்லமாட்டாள். கேட்டால், பிள்ளை நல்லாப் படித்து நல்ல வேலையில் இருந்தவன், பிறகு பஞ்சாபிக்காரர் மருந்து போட்டு மாற்றிப்போட்டார்கள் என்பாள். உண்மை வேறு. பல்கலைக்கழகத்தில் தொடங்கிய குடி, இருபத்திரண்டு வயதில் அவனைக் குளியலறைத் தரையில் விழுத்தியிருந்தது. எத்தனையோ காலை அவள் கதவைத் தள்ளித் திறந்து, அவனுக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்திருக்கிறாள். வேலை போனது. சிநேகிதர்கள் போனார்கள். கடைசியில் மிஞ்சிய ஒருவன் சீக்கியப் பெடியன். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய்க் குருத்வாராச் சமையலறையில் பாத்திரம் கழுவ விட்டான்.

யனுஷன் அடுத்த ஞாயிறும் போனான். பிறகு சனிக்கிழமையும் போனான். வீட்டுக்கு வரும்போது சாராய மணத்துக்குப் பதிலாகச் சவர்க்கார மணம் வந்தது. சிவனேஸ்வரிக்கு அப்போது பெரிய சந்தோசம். நல்லூரானுக்குத் தான் வைத்த நேர்த்திதான் பலித்தது என்று எண்ணி, கோயிலில் அபிஷேகம் கூடச் செய்வித்தாள். முடி வளர்ந்தபோது பாஷன் என்றாள். தலைப்பாகை வந்தபோது கொஞ்சக் காலத்து விளையாட்டு என்றாள். நாலு வருடத்துக்கு முன், சீக்கியரின் வைசாகித் திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில், சாப்பாட்டு மேசையில் அவன் அமிர்தம் எடுக்கப் போவதாகச் சொன்னபோதுதான் அது விளையாட்டில்லை என்று அவளுக்கு விளங்கியது.

“அப்பிடியெண்டா என்ன?” என்று கேட்டார் யோகலிங்கம்.

அவன் பொறுமையாகச் சொன்னான். இரும்புக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, சர்க்கரை போட்டு, ஐந்து பேர் சுற்றியிருந்து ஐந்து பிரார்த்தனை சொல்லிச் சொல்லி இருபுறமும் கூரான வாளால் கலக்குவார்கள். அதை ஐந்து முறை கையில் ஏந்திக் குடிக்க வேண்டும். ஐந்து முறை கண்ணில் தெளிப்பார்கள், ஐந்து முறை தலைமயிரில் தெளிப்பார்கள். மிச்சத்தை எல்லாரும் அதே கிண்ணத்தில் வாய் வைத்துக் குடித்து முடிக்க வேண்டும்.

“ஆர் ஆர் வாய் வைச்ச கிண்ணத்திலை?” என்றாள் சிவனேஸ்வரி. முப்பத்திரண்டு வருடமாக லண்டனில் இருக்கிறாள். கடையில், ரெயிலில், வேலையில் யார் பக்கத்திலும் இருப்பாள். ஆனால் கிண்ணம் என்று வந்தவுடன் அவளுடைய வாயில் முதலில் வந்த கேள்வி அதுதான்.

“அதுதான் அம்மா விசயமே,” என்று சிரித்தான் அவன். “ஆர் எண்டு பாக்காமல் குடிக்கிறதுதான். அதோடை சாதி முடிஞ்சுது.”

பிறகு அவன் அந்தப் பழைய கதையைச் சொன்னான். முந்நூறு வருடத்துக்கு மேலே இருக்கும். பெரிய கூட்டத்துக்கு முன்னால் அவர்களுடைய குரு உருவிய வாளோடு நின்று, எனக்கு ஒரு தலை வேண்டும் என்று கேட்டாராம். ஒருவன் எழும்பிப் போனான். பிறகு ஒருவன், பிறகு இன்னொருவன் என்று ஐந்து பேர். அந்த ஐந்து பேருக்கும் அமிர்தம் கொடுத்துவிட்டு, குருவே அவர்களுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, இப்போது எனக்கு நீங்கள் கொடுங்கள் என்று கேட்டாராம். அந்த இடம் வந்தபோது யனுஷன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

“நான் குளியலறைத் தரையிலை கிடந்தனான் அப்பா. இந்தத் தலை ஒருத்தருக்கும் வேண்டாத தலை. அதைக் கேக்கிறதுக்கு ஒரு ஆள் இருக்கிறார். குடுத்திட்டன் எண்டா பிறகு அது என்ரை இல்லை. முடி அவர் தாற அடையாளம், நான் அதிலை கை வைக்க ஏலாது.”

சிவனேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. பெற்றது நான், வளர்த்தது நான், தலை மட்டும் எவனுக்கோ என்றாள். இன்னும் நிறையச் சொன்னாள். அவன் அமிர்தம் எடுத்துவிட்டு வந்த அன்று, புது இரும்புக் காப்போடும் இடுப்பில் சிறிய கிர்பான் கத்தியோடும் வாசலில் நின்றபோது, உள்ளே விடாமல் ஒரு கேள்வி கேட்டாள். கூட வேலை செய்கிற யாரோ ஒருத்தி சொல்லியிருந்தாள், அமிர்தம் எடுத்தால் தாய் தகப்பன் பெயரையே மாற்றிவிடுவார்கள் என்று.

“உனக்கு இப்ப அம்மா ஆர்?”

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. “அங்கை கேட்டா மாதா சாஹிப் கௌர் எண்டு சொல்லோணும். அவதான் எங்கள் எல்லாருக்கும் தாய். இஞ்சை கேட்டா நீங்கள்தான்,” என்றான். அவள் முதல் வசனத்தோடு காதை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து நாலு வருடம், அவன் எது கேட்டாலும் ‘உன்ரை மற்ற அம்மாவைக் கேள்’ என்பதுதான் அவளுடைய பதில். தேநீர் கேட்டாலும் அதுதான், கடைக்குப் போகிறேன் ஏதும் வேண்டுமா என்று கேட்டாலும் அதுதான். அவன் சிரித்துக்கொண்டு போய்விடுவான். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைத் தரும்.

ஆஸ்பத்திரியில் ஏழாம் நாள் அது நடந்தது. இரண்டு கையிலும் ஊசிக்குழாய். கையை உயர்த்த முடியாது. முடி அவிழ்ந்து தலையணை முழுவதும் பரவிக் கிடந்தது.

“அம்மா, இந்தத் தலையை ஒருக்கா இழுத்துக் கட்டிவிடுறியளோ? சீப்பு மேசையிலை கிடக்கு.”

சிறிய மரச் சீப்பு. ஐந்து அடையாளங்களில் ஒன்று. எப்போதும் கொண்டைக்குள் செருகியிருக்கும். சிவனேஸ்வரி அதைப் பார்த்தாள். எடுத்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை.

“உன்ரை மற்ற அம்மாவை வந்து இழுத்துவிடச் சொல்லு,” என்றாள். சொல்லிவிட்டுத் தேநீர் வாங்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது யாரோ ஒரு தாதிப் பெண் ஏதோ தனக்குத் தெரிந்த மாதிரிப் பின்னிவிட்டிருந்தாள். அவன் கண்ணை மூடிக் கிடந்தான்.

“அம்மா,” என்றான் கண்ணைத் திறக்காமலே, “எனக்கு ஏதும் நடந்தா இந்த முடியிலை ஒருத்தரையும் கை வைக்க விடாதேங்கோ. முழுசாப் போகோணும்.”

“விசர்க்கதை கதையாதை.”

“ஓம் எண்டு சொல்லுங்கோவன்.”

அவள் சொல்லவில்லை. தேநீர்க் கடதாசிக் கோப்பையின் மூடியைத் திறந்து ஊதிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் பிள்ளை இல்லை.

புதன்கிழமை பதினொரு மணிக்குக் குருத்வாராவில் இருந்து வருகிறவர்களை யோகலிங்கம் காரில் கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை தகனம். அவர்களுடைய முறைப்படியே செய்வது என்று அவர் முடிவெடுத்தபோது சிவனேஸ்வரி ‘உங்கட விருப்பம்’ என்று மட்டும் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமைத் தொலைபேசியைப் பற்றி அவருக்கு மூச்சு விடவில்லை. புதன் காலை, நான் கொஞ்ச நேரம் பிள்ளையோடு தனிய இருக்கப் போகிறேன் என்று சொல்லி, பத்து மணிக்கே பஸ் எடுத்துப் பார்க்கிங்குக்குப் போய்விட்டாள்.

கிறிஸ்துநாயகம் அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போய் விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றார்.

பார்த்தாள். பார்த்தவுடன் அவளுக்கு வந்தது சந்தோசம்தான், அதை மறைத்து என்ன பயன்? தலைக்குப் பக்க வகிடு எடுத்து, முகம் வழித்து, பள்ளிக்கூடப் படத்தில் இருக்கிற அதே பிள்ளை. நாடியில் அந்தத் தழும்பு, ஆறு தையலும் தெரிய. “என்ரை குஞ்சு, வந்திட்டியே,” என்று குனிந்து தழும்பில் வாய் வைத்தாள். குளிர்ந்திருந்தது. கன்னத்தைத் தடவினாள். இடக் கன்னத்தில் சவரக்கத்தி பட்டு ஒரு சிறு கீறல். அதில் இரத்தம் இல்லை.

எவ்வளவு நேரம் தடவிக்கொண்டிருந்தாள் என்று தெரியாது. மெல்ல மெல்ல அவளுக்கு அந்த முகம் எங்கே கண்ட முகம் என்பது பிடிபட்டது. அது பள்ளிக்கூடப் படத்து முகம் அல்ல. தாடிக்குள் ஆறு வருடம் வெயில் படாமல் இருந்த தோல் வெளிறி, உதடு வீங்கி, வாய் கொஞ்சம் திறந்து. இதே முகத்துக்கு முன்னால்தான் அவள் குளியலறைத் தரையில் முழங்காலில் இருந்து, மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாள். அவன் கடைசியாக முகம் வழித்திருந்த நாட்கள் அந்த நாட்கள்தான். அந்த முகத்தை விட்டு வெளியே வரத்தான் பிள்ளை ஆறு வருடம் பாடுபட்டான். அவள் அவனைத் திருப்பி அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள்.

விரலை அவனுடைய மூக்கடியில் வைத்தாள். பழக்கம். பிறகு விரலை எடுத்து வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் கதவு திறந்தது. யோகலிங்கமும், அவருக்குப் பின்னால் மூன்று பேரும் வந்தார்கள். முன்னால் வந்தவர் அஜாயிப் சிங். பாதாள ரெயில் ஓட்டி ஓய்வுபெற்ற மனுசன், வெள்ளைத் தாடி. நாலு வருடத்துக்கு முன் யனுஷனுக்கு அமிர்தம் கொடுத்த ஐந்து பேரில் ஒருவர். மற்ற ஒருவர் கையில் மடித்த கருநீலத் தலைப்பாகைத் துணி. அஜாயிப் சிங்கின் கையில் ஒரு பெரிய தயிர்ச் சட்டி. நாங்கள் பிரேதத்தின் தலைக்கு எண்ணெயும் அரப்பும் வைப்பது போல, அவர்கள் தயிர் வைத்து முடி கழுவுவார்கள். அதற்காகக் கொண்டு வந்திருந்தார்.

யனுஷனைக் கண்டதும் அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு குனிந்து, தயிர்ச் சட்டியைச் சத்தம் வராமல் தரையில் வைத்தார்.

“சிவனேசு...” என்றார் யோகலிங்கம். சுவரோரம் இருந்த கதிரையில் இருந்தார்.

“இவரில்லை. நான்தான் செய்தது,” என்றாள் சிவனேஸ்வரி அஜாயிப் சிங்கைப் பார்த்து. இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான். அதில்தான் பேசினார்கள்.

“விளங்குகிறது, சகோதரி.”

அவர் ஏசுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் ஏசவில்லை. யனுஷனின் நெற்றியில் கையை வைத்து, கண்ணை மூடி, ஏதோ மெல்லச் சொன்னார். அவருடைய தாடிக்குள் கண்ணீர் இறங்கியது. கூட வந்த இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“யாராவது பிழை விட்டால் அமிர்தத்தைத் திருப்பிக் கொடுப்பீர்கள் என்று இவன் ஒருமுறை சொன்னான்,” என்றாள் அவள். “இவனுக்குத் திருப்பிக் கொடுங்கள்.”

“பிழை விட்டவர் தானே வர வேண்டும், சகோதரி. ஐந்து பேருக்கு முன்னால் நின்று தன் வாயால் சொல்ல வேண்டும். இவன் ஒரு பிழையும் விடவில்லை. இவன் எடுத்த அமிர்தத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை.”

“அப்படியென்றால் நான் வருகிறேன். நான் நின்று சொல்கிறேன். என்ன தண்டனை என்றாலும் தாருங்கள். பாத்திரம் கழுவச் சொல்லுங்கள், எத்தனை வருடம் என்றாலும் கழுவுகிறேன்.”

அஜாயிப் சிங் அவளை நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனுசன். அதனால்தான் அவருக்கும் அது கஷ்டமாக இருந்தது. “நீங்கள் வந்தால் சாப்பாடு தருவோம். பக்கத்தில் இருத்துவோம். ஆனால் நீங்கள் வாக்குக் கொடுத்தவர் இல்லையே. கொடுக்காத வாக்கை எப்படி மீற முடியும்? உங்களிடம் நாங்கள் என்னத்தைக் கேட்பது?”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் கன்னத்தில் அறைந்திருந்தால் சிவனேஸ்வரிக்கு அதைவிட நன்றாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளை கேட்ட ஒரு ‘ஓம்’ அவளுடைய நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அன்றைக்கு ஓம் சொல்லியிருந்தால், இன்றைக்கு மீறினேன் என்றாவது சொல்லலாம். அதற்குக்கூட வழியில்லை.

“அண்டைக்கு நான் போனனான்,” என்றார் யோகலிங்கம் கதிரையில் இருந்தபடி. தமிழில், அவளுக்கு மட்டும். “பிள்ளை அமிர்தம் எடுத்த அண்டைக்கு. உமக்கு, எனக்கு ஷிப்ட் எண்டு பொய் சொல்லிப்போட்டு. உள்ளுக்கு விடமாட்டினம், வெளியிலை சப்பாத்து வைக்கிற இடத்திலை நிண்டனான். ரெண்டரை மணித்தியாலம். வெளியிலை வரேக்கை தலை நனைஞ்சிருந்தது. என்னைக் கண்டவுடனை முதல் கேட்டது என்ன தெரியுமே? அம்மாவும் வந்தவாவோ எண்டு.”

சிவனேஸ்வரி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் தங்கள் வேலையைத் தொடங்கினார்கள். கச்சை உடுத்தினார்கள். இரும்புக் காப்பை ஆஸ்பத்திரிப் பையில் இருந்து எடுத்துக் கையில் ஏற்றினார்கள். கிர்பானை இடுப்பில் வைத்தார்கள். பிறகு அஜாயிப் சிங் அந்த மரச் சீப்பை எடுத்தார். கொண்டைக்குள் செருக வேண்டும். கொண்டை எங்கே? உச்சியில் வைத்துப் பார்த்தார். சீப்பு வழுக்கித் தலையணையில் விழுந்தது. இன்னொரு முறை வைத்தார். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை வைக்காமல், சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

சிவனேஸ்வரி கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினாள்.

“முடி எங்கை? வெட்டின முடி?”

கிறிஸ்துநாயகம் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடதாசிப் பையை எடுத்தார். “எறிய மனம் வரேல்லை அக்கா. இடுப்பளவு முடி. என்ரை கையாலை வெட்டினது, எனக்கே ஒரு மாதிரியாப் போச்சுது.”

“தாடி?”

அவர் தலையைக் குனிந்தார். “அது துண்டு துண்டாத்தானே வந்தது. கூட்டி அள்ளினது. நேற்றுக் குப்பைக்காரர் எடுத்திட்டினம்.”

அவள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, ஒருவரையும் கேட்காமல் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த உருக்குத் தாம்பாளத்தை எடுத்து, முடியை அதில் போட்டாள். தயிர்ச் சட்டியைத் திறந்தாள். இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பூசினாள். ஆஸ்பத்திரி மணம் போய்த் தயிர் மணம் வந்தது. அஜாயிப் சிங் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்ற, அவள் அலசினாள்.

நிலத்தில் இருந்து, மடியில் துவாயை விரித்து, முடியைப் போட்டுச் சீப்பால் இழுத்தாள். ஒரே சிக்கு. சின்னனில் பள்ளிக்கூடம் போகும் முன் தலை இழுக்கும்போது, சிக்கில் சீப்பு மாட்டினால் போதும், ‘ஆ, அம்மா, நோகுது’ என்று வீடு இடியக் கத்துவான். அவள் இப்போதும் சிக்கு வரும் இடமெல்லாம் முடியின் அடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நோகாமல் மெல்ல மெல்ல இழுத்தாள். நோகிறது என்று சொல்ல ஒருவரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படி இழுத்தாள். யோகலிங்கம் எழும்பி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கட்டுவதற்கு ஒன்றும் இல்லை. தன் கொண்டையில் இருந்த கறுப்பு றப்பரைக் கழற்றினாள். அவளுடைய தலை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. யனுஷனின் முடியை முறுக்கி, சுற்றி, அந்த றப்பரால் இறுக்கினாள். அஜாயிப் சிங் விரலால் சுற்றிக் காட்டினார். அவள் அவிழ்த்து, அவர் காட்டியபடி மறுபடி சுற்றினாள். பிறகு சீப்பைச் செருகினாள். நின்றது.

கொண்டையை அவனுடைய உச்சியில் அவள் பிடித்துக்கொண்டிருக்க, அவர்கள் அதைச் சுற்றிக் கருநீலத் துணியைக் கட்டினார்கள். கட்டி முடியும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை தகனசாலை மண்டபம் நிறைய ஆட்கள். ஒரு பக்கம் தலைப்பாகைகளும் முக்காடுகளும், மற்றப் பக்கம் வெள்ளைச் சேலைகளும் கறுத்தக் கோட்டுகளும். பெட்டி திறந்திருந்தது. தலைப்பாகைக்குக் கீழே வழித்த முகம். சீக்கியப் பெண்கள் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள்.

ரெய்னர்ஸ் லேனில் இருந்து சிவனேஸ்வரியின் அண்ணன் தியாகராஜா வந்திருந்தார். மருமகன் தலைப்பாகை கட்டியதில் இருந்து அந்த வீட்டு வாசற்படி மிதிக்காத மனுசன். பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, தங்கச்சியின் தோளில் கையை வைத்து, காதடியில் சொன்னார்.

“நல்ல வேலை செய்தனி. துணியை என்னத்தையும் சுத்தட்டும். முகம் எங்கட பிள்ளையின்ரை முகம். கடைசியிலையாவது எங்கட பிள்ளையாப் போறான்.”

திங்கட்கிழமை அவள் விரும்பியது இந்த வார்த்தையைத்தான். இப்போது அது கிடைத்தது. அவள் அவருடைய கையைத் தோளில் இருந்து எடுத்து, கீழே விட்டாள்.

அஜாயிப் சிங் பிரார்த்தனையை முடித்தார். கிறிஸ்துநாயகம் பெட்டி மூடியோடு பக்கத்தில் வந்து நின்று, கடைசியாகப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்றார். சிவனேஸ்வரி எழும்பிப் போனாள். தலைப்பாகையின் ஓரத்தைச் சரிசெய்தாள். உள்ளே சீப்பு நிற்கிறதா என்று துணிக்கு மேலால் விரலால் தொட்டுப் பார்த்தாள். நின்றது. பிறகு நாடித் தழும்பை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அவனுடைய காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

“தம்பி, அங்கை அம்மா பாத்திட்டு, தாடி எங்கை, முடியை ஆர் வெட்டினது எண்டு கேப்பா. நீ பேசாமல் நிக்காதை. நீ வெட்டேல்லை எண்டு சொல்லு. இஞ்சை இருந்தவதான் வெட்டினவ எண்டு சொல்லு. அவ உன்னை ஏசக்கூடாது, கேட்டியோ.”

யோகலிங்கம் வந்து அவளைப் பிடித்து எழுப்பினார். பெட்டியை மூடினார்கள். பெட்டியை உலைக்கு அனுப்பும் பொத்தானை யார் அழுத்துவது என்று கிறிஸ்துநாயகம் மெல்லக் கேட்டார். தலைப்பாகைக்காரர்களும் கோட்டுக்காரர்களும் அவளைப் பார்த்தார்கள். சிவனேஸ்வரி நேற்றிலிருந்து கட்டாத தன் தலையை ஆட்டி மாட்டேன் என்றாள். யோகலிங்கம்தான் அழுத்தினார்.